ஃப்ளஷ் செய்த பிறகு அது எங்கே போகிறது? லண்டனின் கழிவுநீர்க் குழாய்களை அமைத்த ஜோசப் பேஸல்ஜெட்டின் கதை

பாத்ரூமில் தண்ணீர் இறங்கவில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டால், அவர் முதலில் விசாரிப்பது மெயின் லைன் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத்தான். செப்டிக் டேங்குக்கா, தெரு மேன்ஹோலுக்கா? அதற்குப் பதில் தெரிந்தால் நமக்குப் போதும். தெரு மேன்ஹோலுக்குப் பிறகு அது எங்கே போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சுமார் 170 வருஷத்துக்கு முன்னால் லண்டன் மாநகரமும் அதைக் கேட்கவில்லை. வீடு வீடாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்தார்கள். எல்லா இணைப்பும் கடைசியில் தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்தது. அந்த ஆற்றிலிருந்துதான் நகரத்தின் பெரும்பகுதி குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. விளைவு, ஆயிரக்கணக்கில் காலரா மரணங்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவர் ஜோசப் பேஸல்ஜெட். லண்டனுக்கு வெளியே அதிகம் பேர் இவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் போட்ட லைன் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் என்ன செய்தார், எதைச் சரியாகச் செய்தார், எங்கே கோட்டைவிட்டார்? பார்ப்போம்.

யார் இந்த பேஸல்ஜெட்?

1819 மார்ச் 28-ம் தேதி லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பிறந்தார். பெயரைக் கேட்டாலே பிரெஞ்சு வாடை அடிக்கும். தாத்தா பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய தையல்காரர். சாதாரண டெய்லர் இல்லை, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக ஆன இளவரசருக்கே துணி தைத்துப் பெரும் பணம் சேர்த்தவர். அப்பா பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி.

ஜோசப் படித்தது பொறியியல். அந்தக் காலத்தில் காலேஜுக்குப் போய் டிகிரி வாங்குவதைவிட, ஒரு பெரிய இன்ஜினீயரிடம் சேர்ந்து வேலை கற்றுக்கொள்வதுதான் வழக்கம். இவர் சர் ஜான் மெக்நீல் என்பவரிடம் சேர்ந்தார். அயர்லாந்தின் வடபகுதியில் ஈர நிலங்களை வடிய வைத்து மீட்கும் பணி. தண்ணீர் எந்தச் சரிவில் எப்படி ஓடும் என்ற பாடம் அங்கேதான் கிடைத்தது.

1842-ல் லண்டனில் சொந்தமாக ஆபீஸ் போட்டார். இங்கிலாந்து முழுக்க ரயில்பாதை மோகம் தலைக்கேறியிருந்த காலம். இன்றைய ஸ்டார்ட்அப் அலை மாதிரி, எல்லோரும் ரயில் கம்பெனி தொடங்கினார்கள். வேலை குவிந்தது, ஓய்வு என்பதே இல்லை. 1847-ல் உடலும் மனதும் ஒரேயடியாகச் சோர்ந்து விழுந்துவிட்டார். இப்போது நாம் பர்ன்அவுட் என்கிறோமே, அதேதான். வயது 28. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் மரியா கோ என்பவரைக் கல்யாணம் செய்திருந்தார்.

வேலையை எல்லாம் விட்டுவிட்டு, லண்டனை விட்டு விலகியிருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டார். திரும்பி வந்த பிறகு 1849-ல் மாநகரக் கழிவுநீர் ஆணையத்தில் உதவி சர்வேயர் பதவி கிடைத்தது. பளபளப்பான ரயில்வே வேலையிலிருந்து சாக்கடை வேலைக்கு வந்தாயிற்று. அவர் பெயர் நிலைத்தது இந்த வேலையால்தான்.

லண்டன் வீடுகளில் அப்போது என்ன சிஸ்டம்?

1800-களின் தொடக்கத்தில் லண்டன் வீடுகளில் கழிவு, வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ இருந்த குழிக்குப் போகும். செங்கல் வைத்துக் கட்டிய குழி. நிரம்பினால் இரவில் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய் விவசாயிகளுக்கு உரமாக விற்பார்கள். நகரத்தில் இப்படிச் சுமார் 2 லட்சம் குழிகள் இருந்தன.

தெருவுக்கு அடியிலும் கால்வாய்கள் இருந்தன. ஆனால் அவை மழைநீருக்கானவை. வீட்டுக் கழிவை அதில் விடுவது 1815 வரை சட்டப்படி குற்றம். அதற்குப் பிறகு அனுமதி கிடைத்தது.

பிறகு ஃப்ளஷ் டாய்லெட் பிரபலமானது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் அமைத்த கழிப்பறைகளை, ஒரு பென்னி கொடுத்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? வசதி இருந்தவர்கள் வீட்டிலும் ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கணக்கு இடித்தது. பழைய குழி, கெட்டியான கழிவுக்காகக் கட்டியது. ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் பல லிட்டர் தண்ணீர் வந்து விழுந்தால் அது தாங்குமா? குழிகள் நிரம்பி வழிந்தன, அக்கம்பக்கத்து மண்ணில் ஊறின, பக்கத்தில் இருந்த கிணறுகளிலும் கலந்தன.

நல்ல எண்ணத்தில் நடந்த பெரிய தப்பு

அந்தக் காலத்து நம்பிக்கை, நோய் என்பது கெட்ட காற்றில் பரவுகிறது என்பது. நாற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே நோய் இருக்கிறது. அப்படியானால் நாற்றத்தை வீட்டை விட்டு வெளியேற்றினால் நோயும் போய்விடும். கேட்க லாஜிக்காகத்தான் இருக்கிறது.

சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் இதில் தீவிரமாக இருந்தார். 1840-களின் கடைசியில் குழிகளை மூடிவிட்டு, வீட்டு லைன்களைத் தெருக் கால்வாயில் இணைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான குழிகள் மூடப்பட்டன. வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் அந்தத் தெருக் கால்வாய்கள் எல்லாம் சரிந்து போய் முடிந்தது தேம்ஸில். அதுவும் நகரத்தின் நடுவிலேயே. இன்னொரு சிக்கல், லண்டன் பகுதியில் தேம்ஸ் ஒரு சாதாரண ஆறு இல்லை. கடல் ஏற்றம் தினமும் இரண்டு முறை உள்ளே வந்து போகும். இதனால் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, காலையில் ஆறு எடுத்துக்கொண்டு போன கழிவு சாயங்காலம் திரும்பி வந்தது. இரண்டு, ஏற்றம் இருக்கும் நேரத்தில் கால்வாய் வாய்கள் மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாமல் கழிவு பின்னுக்குத் தள்ளி, தாழ்வான பகுதி வீடுகளின் அடித்தளத்துக்குள் வந்து நிற்கும்.

1855-ல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஒரு படகில் போகும்போது வெள்ளை அட்டைத் துண்டுகளை ஆற்றில் போட்டுப் பார்த்தார். மேற்பரப்பிலிருந்து ஓர் அங்குலம்கூட மூழ்குவதற்குள் அவை கண்ணுக்கே தெரியாமல் போயின. ஆறு அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. அதை அவர் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார்.

ஒரு வீட்டுக் குழி, 600 உயிர்கள்

1848-49 காலராவில் லண்டனில் 14,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1853-54-ல் மறுபடி வந்து 10,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதில் ஒரு பகுதியின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது.

1854 ஆகஸ்ட் கடைசி. சோஹோ பகுதியின் பிராட் ஸ்ட்ரீட்டைச் சுற்றி சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து, பெரும்பாலானோர் ஒரே தெரு பம்பிலிருந்து தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அவர் சொல்லித்தான் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

பலரும் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷம் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டைத் தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது இன்னும் முக்கியம். அந்த வீட்டின் கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. குழியின் செங்கற்கள் இளகிப்போயிருந்தன. வீட்டின் வடிகாலும் சரியாகக் கட்டப்படவில்லை. அந்த வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது. ஹென்றி ஒயிட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார்தான் இந்தத் தகவலைத் தேடி எடுத்தார்.

ஒரே ஒரு வீட்டின் பழுதான வடிகால் ஒரு பேட்டையையே காலி செய்தது. இருந்தும் அதிகாரிகள் பெரும்பாலானோர் ஸ்னோவை நம்பவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது.

திட்டம் ரெடி, கையெழுத்துதான் இல்லை

ஆணையத்தில் பேஸல்ஜெட்டுக்கு மேலே இருந்த இன்ஜினீயர் ஃபிராங்க் ஃபார்ஸ்டர். லண்டன் கழிவை எப்படி வெளியேற்றுவது என்று அவர் திட்டம் போட்டார். ஆணையத்துக்குள் ஓயாத சண்டை. வேலைச் சுமையில் நொந்து 1852-ல் அவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வந்தவர் பேஸல்ஜெட்.

1856-ல் மாநகரப் பணிகள் வாரியம் என்ற புதிய அமைப்பு செயல்படத் தொடங்கியது. தலைமை இன்ஜினீயர் பதவிக்கு பேஸல்ஜெட்டைச் சிபாரிசு செய்தவர்களில் ரயில்வே மேதைகளான ராபர்ட் ஸ்டீவன்சனும் இசம்பார்ட் புரூனலும் இருந்தார்கள். வேலை கிடைத்தது. உடனே திட்டத்தையும் தீட்டிக் கொடுத்தார். சும்மா கற்பனையில் இல்லை, ஃபார்ஸ்டரின் யோசனைகளையும் மற்ற இன்ஜினீயர்களின் யோசனைகளையும் சேர்த்துத் திருத்தி அமைத்த திட்டம்.

ஆனால் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை. வாரியத்தின் திட்டத்துக்கு அரசின் பொதுப்பணித் துறை ஒப்புதல் தர வேண்டும். அப்போதைய பொறுப்பாளர் சர் பெஞ்சமின் ஹால் மறுத்துவிட்டார். கழிவு வெளியேறும் இடம் இன்னும் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இன்னும் தள்ளிப் போடு என்றார். தள்ளிப் போட்டால் செலவு யார் தலையில்? வாரியமும் அரசும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன. இரண்டு வருஷம் ஓடியது. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

நாற்றம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது

1858 கோடை. கடும் வெயில், மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைய, கழிவு கரையெல்லாம் படிந்து காய்ந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. நாடாளுமன்றம் இருப்பது தேம்ஸ் கரையில். ஜன்னல் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அப்படியும் உள்ளே உட்கார முடியவில்லை. சபையை வேறு ஊருக்கு மாற்றலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

ஏழைகள் வாழும் பேட்டைகளில் வருஷக்கணக்காக வீசிய நாற்றம் சட்டம் போடுபவர்கள் மூக்கைத் தொட்டதும் கோப்பு நகர்ந்தது. நிதியமைச்சர் பெஞ்சமின் டிஸ்ரேலி மசோதா கொண்டுவந்தார். 18 நாளில் சட்டமாகிவிட்டது. வாரியம் 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கலாம், இனி யாரும் குறுக்கே நிற்க முடியாது என்று முடிவானது. இரண்டு வருஷ இழுபறிக்கு மூன்று வாரத்துக்குள் முற்றுப்புள்ளி.

சோகம் என்னவென்றால், தண்ணீரில்தான் காலரா பரவுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்த ஜான் ஸ்னோ அதே ஜூன் மாதம், நாற்றம் உச்சத்தில் இருந்தபோது, பக்கவாதத்தால் இறந்துபோனார். வயது 45. அரசு காசு கொடுத்தது நாற்றத்தை ஒழிக்கத்தான். ஆனால் ஒழிந்தது தண்ணீரில் இருந்த நோய். காரணம் தப்பு, வேலை சரி.

சரி, அந்த சிஸ்டம் எப்படி வேலை செய்தது?

பேஸல்ஜெட்டின் யோசனை சொல்ல எளிமையானது. பழைய தெருக் கால்வாய்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி ஓடின. அவை ஆற்றைத் தொடுவதற்கு முன்பே குறுக்கே பெரிய கால்வாய்களைப் போட்டு, கழிவை மறித்து, கிழக்கே திருப்பிவிட வேண்டும்.

ஆற்றுக்கு வடக்கே மேடு, நடு, தாழ்வு என்று மூன்று மட்டங்களில் கால்வாய்கள். மேட்டுப் பகுதியின் கழிவு தானாகவே சரிந்து ஓடும், பம்பு தேவையில்லை. தாழ்வான பகுதியின் கழிவைக் கிழக்கு லண்டனில் ஆபி மில்ஸ் என்ற இடத்தில் நீராவி இன்ஜின்கள் சுமார் 11 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி மேல் கால்வாயில் விடும். தெற்கேயும் இதே முறைதான். டெப்ட்ஃபோர்டில் ஒரு தூக்கு, கடைசியில் கிராஸ்னெஸ்ஸில் இன்னொரு தூக்கு.

லண்டன் பாலத்திலிருந்து ஆற்றின் போக்கில் சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே, வடகரையில் பெக்டன், தென்கரையில் கிராஸ்னெஸ். அங்கே பெரிய தொட்டிகளில் கழிவைத் தேக்கிவைப்பார்கள். கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்துத் திறந்துவிடுவார்கள். ஆறே அதைக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். முன்பு வீடுகளுக்குள் கழிவைத் தள்ளிய அதே கடல் ஓட்டத்தை வேலையாளாக்கிக்கொண்டார்.

இதில் உயிர்நாடி, சரிவு. பெரிய கால்வாய்களுக்கு ஒரு மைலுக்குக் குறைந்தது 2 அடி இறக்கம். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 38 சென்டிமீட்டர். இவ்வளவு கம்மியா என்று தோன்றும். ஆனால் கால்வாய் பெரிதாகி, தண்ணீர் அதிகமாக ஓடினால் குறைந்த சரிவே போதும். சின்னக் குழாய்க்குத்தான் அதிகச் சரிவு வேண்டும். வீடுகளுக்குப் போடும் 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி இறக்கம் என்பது பிளம்பிங்கில் பழைய கணக்கு. சரிவு போதாவிட்டால் கெட்டியானது அடியில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக லைன் அடைத்துக்கொள்ளும். லைன் புதிதாகப் போட்டும் அடிக்கடி அடைப்பு வருகிறது என்றால், சரிவைச் சந்தேகப்படலாம்.

வடிவத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பல கால்வாய்கள் முட்டை வடிவம், கூரான முனை கீழே. இது பேஸல்ஜெட்டின் கண்டுபிடிப்பு இல்லை, ஏற்கெனவே இருந்ததுதான். தண்ணீர் குறைவாக ஓடும்போது அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் ஓட்டத்தின் வேகம் குறையாது, கசடு தங்காது. மழையில் நிரம்பி வந்தால் மேலே அகலமாக இடம் இருக்கும்.

31.8 கோடி செங்கல்

எண்களைப் பார்த்தால்தான் வேலையின் அளவு புரியும். பெரிய கால்வாய்கள் மட்டும் 82 மைல், அதாவது சுமார் 132 கிலோமீட்டர். அவற்றுடன் சேரும் தெருக் கால்வாய்கள் 1,100 மைல். 31.8 கோடி செங்கற்கள். லண்டனைச் சுற்றிச் செங்கல் விலையும் கொத்தனார் கூலியும் ஏறிப்போகும் அளவுக்குத் தேவை இருந்தது. பெரும்பகுதி கையால் தோண்டியது.

செங்கற்களை ஒட்ட வைத்தது போர்ட்லண்ட் சிமென்ட். இன்று எல்லா வீட்டிலும் இருக்கும் அதே சாமான். அன்றைக்கு அது புதுசு. தண்ணீரில் இருந்தால் இன்னும் இறுகும், ஆனால் தயாரிப்பில் கொஞ்சம் பிசகினாலும் பயனில்லை. இவ்வளவு பெரிய பொதுப் பணியில் அதைப் பயன்படுத்தத் துணிந்த பேஸல்ஜெட், கூடவே கடுமையான சோதனை முறையையும் கொண்டுவந்தார். வந்து இறங்கும் சிமென்டில் மாதிரி எடுத்து, கட்டியாக்கி, இழுத்துப் பார்த்து, தாங்கினால்தான் வேலைக்கு. அவருடைய உதவி இன்ஜினீயர் ஜான் கிராண்ட் இந்தச் சோதனைகளை முன்னின்று நடத்தினார். நல்ல சாமான் வாங்குவது ஒன்று, வாங்கியதைச் சோதிப்பது இன்னொன்று. அவர் இரண்டையும் செய்தார்.

கால்வாய்களின் அளவையும் அன்றைய மக்கள்தொகைக்கு வைக்கவில்லை. வருங்காலத்தில் நகரம் எவ்வளவு பெருகும் என்று கணித்து, பல லட்சம் பேரைக் கூடுதலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அது மட்டுமில்லாமல் மழைநீருக்கும் ஒரு பங்கு இடம் விட்டார்.

1865 ஏப்ரல் 4-ம் தேதி கிராஸ்னெஸ் பம்பிங் ஸ்டேஷனை இளவரசர் எட்வர்ட் தொடங்கிவைத்தார். நான்கு ராட்சத இன்ஜின்களுக்கும் அரச குடும்பத்தினரின் பெயர்கள். உள்ளே இரும்பில் பூவும் இலையுமாக அலங்காரம். சாக்கடைக்கு இவ்வளவு அழகான கட்டடமா என்று இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் வாயைப் பிளக்கிறார்கள். எல்லாப் பணிகளும் முடிந்தது 1875-ல்.

இந்தப் பணியின் இன்னொரு பரிசு தேம்ஸ் கரையோரச் சாலை. தாழ்வு மட்டக் கால்வாயை நெரிசலான தெருக்களைத் தோண்டிப் போடுவதற்குப் பதிலாக, ஆற்றின் ஓரத்தில் சுவர் எழுப்பி, இடத்தை மீட்டு, அதற்குள் போட்டார். அதே இடத்தில் சுரங்க ரயிலும் வந்தது. மேலே சாலை, மரங்கள், பூங்கா. 1870-ல் திறந்த விக்டோரியா எம்பேங்க்மென்ட் இதுதான். லண்டன் போய் அங்கே செல்ஃபி எடுப்பவர்களில் பலருக்குக் காலடியில் என்ன ஓடுகிறது என்று தெரியாது.

இணைப்பு கிடைக்காத பகுதி

1866-ல் காலரா திரும்ப வந்தது. இந்த முறை லண்டனின் பெரும்பகுதி தப்பித்தது. கிழக்கு லண்டன் மட்டும் மாட்டியது. அங்கே 5,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஏன் அங்கே மட்டும்? ஆபி மில்ஸ் பம்பிங் ஸ்டேஷன் இன்னும் கட்டி முடியவில்லை. 1868-ல்தான் அது திறந்தது. அதனால் அந்தப் பகுதியின் கழிவு பழையபடியே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் சப்ளை செய்த கம்பெனியும் மூடி வைக்காத குளத்திலிருந்து எடுத்து விநியோகம் செய்தது. கழிவு அதில் கலந்தது.

ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. இணைப்பு கிடைத்த பகுதி பிழைத்தது, கிடைக்காத பகுதி செத்தது என்பதை இந்த வருஷம் மிகக் கொடூரமாகக் காட்டியது. ஸ்னோ சொன்னது சரிதான் என்று பலரும் ஏற்றுக்கொண்டது இதற்குப் பிறகுதான். லண்டனில் அதற்கப்புறம் பெரிய அளவில் காலரா வரவே இல்லை. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் காலராவில் 8,000-க்கும் அதிகமானோரை இழந்தபோதும் லண்டன் தப்பித்தது.

குழாயின் மறுமுனை

பேஸல்ஜெட்டைக் கொண்டாடும் பல கட்டுரைகள் இதோடு முடிந்துவிடும். ஆனால் கதை முடியவில்லை.

அவர் கழிவைச் சுத்தம் செய்யவில்லை. இடம் மாற்றினார். நடு லண்டனில் விழுந்தது கிழக்கே போய் விழுந்தது, அவ்வளவுதான். பெக்டன், கிராஸ்னெஸ் பக்கம் வாழ்ந்தவர்கள் நாற்றம் பற்றியும், ஆற்றில் சேறு சேர்வது பற்றியும் புகார் சொன்னார்கள். ஆற்றை நிர்வகித்த அமைப்பும் வாரியத்துடன் மோதியது. அந்தச் சேற்றுக்கும் தன் கழிவுக் கால்வாய்களுக்கும் சம்பந்தமில்லை என்றே பேஸல்ஜெட் வாதாடினார்.

1878 செப்டம்பர் 3-ம் தேதி சாயங்காலம், பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கழிவு வெளியேறும் இடங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிலக்கரிக் கப்பல் அதன்மீது மோதியது. சில நிமிஷத்தில் படகு மூழ்கியது. அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் தொட்டிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். விழுந்தவர்கள் நீந்த வேண்டியிருந்தது கழிவில். 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரை சேர்ந்தவர்களில் சிலரும் அடுத்த நாட்களில் இறந்துபோனார்கள்.

மோதலுக்குக் காரணம் கழிவு இல்லை. ஆனால் குழாயின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று நகரமே பார்க்க வேண்டியதாயிற்று. 1880-களில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. அப்படியே ஆற்றில் விடக் கூடாது, கெட்டியான கசடைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று முடிவானது. பிரித்த கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் வேலை 1887-ல் தொடங்கியது. முதல் கப்பலுக்கு வைத்த பெயர் பேஸல்ஜெட்! கடலில் கொட்டுவது 1998-ல்தான் நின்றது. மறுபடியும் இடம் மாற்றல்தான், இந்த முறை ஆற்றிலிருந்து கடலுக்கு.

கடைசி வருஷங்கள்

பேஸல்ஜெட் சும்மா இருக்கும் ஆள் இல்லை. 28 வயதில் வேலைச் சுமையில் விழுந்தவர், அதற்குப் பிறகு 40 வருஷம் லண்டனுக்காக உழைத்தார். வீட்டில் 11 பிள்ளைகள். சர் பட்டம் கிடைத்தது. நாட்டின் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத் தலைவரானார். இப்போது லண்டனில் இருக்கும் பட்னி, ஹாமர்ஸ்மித், பேட்டர்சீ பாலங்கள் அவருடைய வடிவமைப்பு.

1880-களின் கடைசியில் அவர் வேலை பார்த்த வாரியத்தின் பெயர் கெட்டது. சில அதிகாரிகள் மனை பேரங்களில் லஞ்சம் வாங்கியது விசாரணையில் வெளியே வந்தது. 1889-ல் வாரியமே கலைக்கப்பட்டு, தேர்தலில் வந்த லண்டன் கவுன்டி கவுன்சில் பொறுப்பேற்றது. அதே வருஷம் அவரும் ஓய்வு பெற்றார். 1891 மார்ச் 15-ல் விம்பிள்டனில் இறந்தார். இன்னும் 13 நாள் இருந்திருந்தால் 72 வயது ஆகியிருக்கும்.

இன்று அந்த லைன் என்ன ஆனது?

ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் திணறுகிறது. பேஸல்ஜெட் கழிவுநீரையும் மழைநீரையும் ஒரே கால்வாயில் விட்டார். பெருமழை வந்தால் வீடுகளுக்குள் திரும்பி ஏறாமல் இருக்க, ஆற்றுக்குள் வழிந்து போக அவசர வழிகளும் வைத்தார். எப்போதாவது பயன்பட வேண்டிய வழி அது. நகரம் பெருகி, மண் தரையெல்லாம் கான்கிரீட் ஆன பிறகு, சின்ன மழைக்கே அந்த வழிகள் திறந்துகொண்டன. கழிவு மறுபடி தேம்ஸில் விழுந்தது.

இதற்காக 2016-ல் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ராட்சதச் சுரங்கம் கட்டத் தொடங்கினார்கள். விட்டம் 7.2 மீட்டர், ஏறக்குறைய மூன்று பேருந்துகளின் அகலம். 2025-ல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. வழிந்து வருவதைப் பிடித்து, அதே ஆபி மில்ஸ் வழியாக, அதே பெக்டனுக்குக் கொண்டுபோகிறது. வித்தியாசம், இன்றைக்கு பெக்டனில் இருப்பது வெறும் தேக்கத் தொட்டி இல்லை, சுத்திகரிப்பு நிலையம்.

பேஸல்ஜெட்டின் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மெயின் லைனைப் புதிதாகப் போடும்போதோ மாற்றும்போதோ குழாயின் பிராண்டு, விலை, டைல்ஸ் உடைக்க வேண்டுமா என்பதையெல்லாம் விசாரிக்கிறோம். கூடவே சரிவு எவ்வளவு, மழைநீரும் அதிலேயே சேருகிறதா, கடைசியில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, இல்லை பக்கத்து ஏரிக்கா என்பதையும் கேட்கலாம். வீட்டு உரிமையாளரிடமோ, அபார்ட்மென்ட் அசோசியேஷனிடமோ, வார்டு கவுன்சிலரிடமோ கேட்க வேண்டிய கேள்விதான் இது. நம் வீட்டில் நாற்றம் இல்லை என்பதற்காக அது எங்கேயும் இல்லை என்று ஆகிவிடாது. லைனின் மறுமுனையிலும் யாரோ குடியிருக்கிறார்கள்.